எட்டு ஆண்டு மௌனத்திலிருந்து வந்த குரல்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிரெத்ரென் என்று ஒரு சின்ன ஊர். சுற்றிலும் பண்ணைகள். 1940களின் நடுவில் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஒரு கறுப்பினப் பையன் படித்தான். வகுப்பில் அவன் பேசவே மாட்டான். வாயைத் திறந்தால் சொல் முதல் எழுத்திலேயே சிக்கிக்கொள்ளும். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து ஆறு வயதில் வாயை மூடியவன், ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் அப்படியே இருந்துவிட்டான். வீட்டில் மட்டும் ஓரிரு சொற்கள். மற்றபடி பேச்செல்லாம் பண்ணையிலிருந்த கால்நடைகளோடுதான்.

ஆனால் எழுதுவான். கவிதை எழுதுவான். ஆங்கில ஆசிரியர் டானல்டு கிரௌச் அதைக் கண்டுபிடித்துவிட்டார். பையன் கிரேப்ஃப்ரூட் பழத்தைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருந்தான். நம் பம்பளிமாஸின் வழிவந்த பழம் அது. பனி மூடிக் கிடக்கும் மிச்சிகன் குளிர்காலத்தில் அப்படி ஒரு பழம் கைக்குக் கிடைப்பது பெரிய விஷயம். கவிதையைப் படித்த ஆசிரியர் ஒரு தந்திரம் செய்தார். இது நீ எழுதியது போலத் தெரியவில்லையே, நீயே எழுதியிருந்தால் வகுப்பின் முன்னால் நின்று மனப்பாடமாகச் சொல் பார்க்கலாம் என்றார். பையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து நின்று சொன்னான். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஓரிடத்திலும் திக்கவில்லை. கேட்ட ஆசிரியருக்கு மட்டுமல்ல, சொன்ன பையனுக்கே அது ஆச்சரியம்.

அந்தப் பையன்தான் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ். 'ஸ்டார் வார்ஸ்' படங்களின் டார்த் வேடரும், 'லயன் கிங்' படத்தின் முஃபாசாவும் அவர் குரலில் பேசியவர்கள். பிராட்வே மேடையில் இரண்டு முறை சிறந்த நடிகருக்கான டோனி விருது வாங்கியவர். இருபதாம் நூற்றாண்டில் மிக அதிகமான காதுகள் அடையாளம் கண்டுகொண்ட மனிதக் குரல்களில் ஒன்று அவருடையது. 'நல்ல கட்டைக் குரல், கடவுள் கொடுத்தது' என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. அவருடைய தொழில் வாழ்க்கையைச் சற்று நெருங்கிப் பார்த்தால், குரல் என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொல்வதற்குள் எத்தனை சங்கதிகள் அடங்கியிருக்கின்றன என்பது தெரியவரும். அவற்றில் பெரும்பகுதி தொண்டையில் இல்லை என்பதும் தெரியவரும்.

முதலில் அந்தக் கவிதை. பேசினால் திக்குகிற வாய், மனப்பாடமாகச் சொன்னால் ஏன் திக்கவில்லை?

பேச்சு என்பது மனித உடல் செய்யும் மிக நுட்பமான வேலைகளில் ஒன்று. மூச்சு, குரல்வளை, நாக்கு, அண்ணம், உதடு என்று சுமார் 100 தசைகள் கூடி, நொடிக்குப் பத்துப் பதினைந்து ஒலிகளை உருட்டிவிடுகின்றன. ஒவ்வொரு ஒலியும் சரியான கணத்தில் தொடங்க வேண்டும். முந்தைய ஒலி சரியான கணத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும். 'அடுத்தது நீ' என்று சைகை காட்டும் வேலையை மூளையின் ஆழத்திலிருக்கும் அடித்தள முடிச்சுகள் செய்கின்றன. திக்கல் உள்ளவர்களுக்கு இந்தச் சைகைதான் தடுமாறுகிறது என்பது இன்று ஆய்வாளர்களில் பலர் ஏற்கும் விளக்கம். சொல்ல வேண்டிய சொல் மனதில் தெளிவாக இருக்கும். நாக்கிலும் குறை இருக்காது. தொடங்கு என்ற தாளம் மட்டும் வந்து சேராது.

தாளத்தை வெளியிலிருந்து கொடுத்துவிட்டால்? அங்கேதான் அதிசயம். கடுமையாகத் திக்குகிறவர்களும் பாடும்போது பெரும்பாலும் திக்குவதில்லை. இன்னொருவரோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போது திக்கல் ஏறக்குறைய மறைந்தே போகிறது. மெட்ரோனோம் கருவியின் தட்டுக்கு ஏற்பப் பேசினாலும் அப்படியே. உள்ளிருந்து வர வேண்டிய தாளத்தை ராகமோ, பக்கத்திலிருப்பவர் குரலோ, செய்யுளின் சந்தமோ கடனாகக் கொடுக்கிறது. பிரெத்ரென் பள்ளியில் அந்தப் பையனைத் தூக்கி நிறுத்தியது அவன் கவிதையின் சந்தம்.

குழந்தைகளில் நூற்றுக்கு 5 பேர் வரை ஏதோ ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள். பெரும்பாலோருக்கு அது தானாகச் சரியாகிவிடுகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத் தங்கிவிடுகிறது. குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு. 2010இல் பாகிஸ்தானியக் குடும்பம் ஒன்றை ஆராய்ந்தவர்கள் திக்கலோடு தொடர்புடைய மரபணு மாற்றத்தையே அடையாளம் கண்டார்கள். எனவே இது பயந்த சுபாவத்தால் வருவதல்ல, புத்திக் குறைவாலும் அல்ல. பயம் அதைக் கூட்டலாம், உண்டாக்குவதில்லை. நம் ஊரில் 'திக்குவாய்' என்பதை ஒரு பட்டப்பெயர் போல ஆள் மேல் ஒட்டிவிடுகிறோம். 'நிதானமாப் பேசேன்' என்று அறிவுரையும் சொல்கிறோம். அவர் நிதானமில்லாமல் பேசவில்லை. சைகைக்குக் காத்திருக்கிறார். நாம் செய்யக்கூடிய உதவி, அவர் முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக் காத்திருப்பதும், அவர் வாக்கியத்தை நாமே முடித்து வைக்காமல் இருப்பதும்தான்.

ஜோன்ஸின் மௌன ஆண்டுகளுக்குள் இன்னொரு காரியமும் ஓசையில்லாமல் நடந்து முடிந்திருந்தது. பருவ வயதில் ஆண் பிள்ளைகளின் குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல்வளை பெரிதாகிக் கழுத்தில் சற்றுக் கீழே இறங்குகிறது. குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிவிடுகிறது. மற்ற பிள்ளைகளுக்கு இது ஊரறிய, கீச்சிட்டுக் கரகரத்து நடக்கும். இவருக்கு வாய் மூடியிருக்கும்போதே நடந்துவிட்டது. சிறுவனின் குரலோடு மௌனத்துக்குள் போனவர், வெளியே வந்தபோது கையிலிருந்தது வேறொரு வாத்தியம்.

அவர் பிறந்தது மிசிசிப்பி மாநிலத்தின் அர்காபட்லாவில், 1931 ஜனவரி 17 அன்று. தந்தை ராபர்ட் எர்ல் ஜோன்ஸ் குத்துச்சண்டை வீரராக இருந்து நடிகரானவர். மகன் பிறக்கும் முன்பின்னாகவே குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாய்வழித் தாத்தாவும் பாட்டியும் வளர்த்தார்கள். ஐந்து வயதில் அவர்களோடு மிச்சிகன் பண்ணைக்கு வந்த பிறகுதான் திக்கல் தொடங்கியது. கவிதைச் சம்பவத்துக்குப் பின் கிரௌச் அவரை விடவில்லை. வாசிக்க வைத்தார், பேச்சுப் போட்டிகளுக்கு அனுப்பினார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் நோக்கிச் சேர்ந்தவர் நாடகத்துக்கு மாறினார். ராணுவத்தில் அதிகாரியாக இருந்தார். மனிஸ்டீ என்ற ஊரின் கோடைக்கால நாடகக் குழுவில் தச்சு வேலை பார்த்துக்கொண்டே நடிக்கக் கற்றார். நியூயார்க் வந்த பிறகு தந்தையோடு சேர்ந்து கட்டடங்களின் தரையை மெருகேற்றும் வேலை செய்து வயிற்றைக் கழுவினார்.

1958இல் பிராட்வேயின் கோர்ட் அரங்கில் 'சன்ரைஸ் அட் கேம்பபெல்லோ' நாடகம். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் போலியோவால் நடக்க முடியாமல் போன காலத்தைப் பற்றியது. ஜோன்ஸுக்கு வீட்டுப் பணியாளர் வேடம். திருமதி ரூஸ்வெல்டை அழைத்து, உணவு தயார் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். 'மிஸஸ்' என்பதன் 'மி'யில் அவருக்குத் திக்கியது. இதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ஷேக்ஸ்பியரின் நீண்ட பேச்சுகளில் சந்தம் கைகொடுத்தது. சாதாரணமான ஒரு வரிக்குக் கைகொடுக்கச் சந்தம் இல்லை. திக்கல் குணமாகிவிட்டது என்று அவர் கடைசிவரை சொன்னதில்லை. எந்தச் சொல் காலை வாரும் என்று முன்கூட்டியே உணர்ந்து, வேறொரு சொல் வழியாகச் சுற்றிப் போகக் கற்றுக்கொண்டார். பேட்டிகளில் அவர் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு வைப்பது போலப் பேசுவதற்கு இது ஒரு காரணம்.

இனி அந்த வாத்தியத்தைப் பார்ப்போம். ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு உறிஞ்சுகுழலும் எடுத்துக்கொள்ளுங்கள். குழலின் நுனி தண்ணீருக்குள் 7 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும்படி பிடித்து, குமிழி வரும் அளவுக்கு மட்டும் மெதுவாக ஊதுங்கள். முதல் குமிழி கிளம்பும்போது உங்கள் நெஞ்சுக்குள் இருக்கும் காற்றழுத்தம்தான், சாதாரணமாகப் பேசும்போது குரல் நாண்களுக்குக் கீழே இருக்கும் அழுத்தம். இவ்வளவு சொற்பம். உரக்கப் பேச இதைப் போல இரண்டு மூன்று மடங்கு வேண்டும். தண்ணீரில் குழல் வைத்துக் குரல் கொடுப்பது, குரல் களைத்த ஆசிரியர்களுக்கும் பாடகர்களுக்கும் பேச்சுப் பயிற்சியாளர்கள் இன்று கொடுக்கும் பயிற்சிகளில் ஒன்று.

இந்தக் காற்று மேலே ஏறி என்ன ஆகிறது என்பதை நாதஸ்வரத்தை வைத்துச் சொல்லலாம். சீவாளி இல்லாமல் நாதஸ்வரம் வெறும் மரக்குழல். உலவு இல்லாமல் சீவாளி வெறும் பீப்பி. நம் தொண்டையிலிருக்கும் சீவாளி, குரல் நாண்கள். ஆண்களுக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவு நீளம் இருக்கும் இரண்டு சதை மடிப்புகள். காற்று அவற்றைத் திறந்து மூடும் வேகம்தான் சுருதி. சாதாரண ஆண் குரலில் நொடிக்கு 100 முதல் 130 முறை. கனத்த குரலில் 100க்கும் கீழே. உலவு என்பது அதற்கு மேல் உதடு வரை போகும் சுமார் 17 சென்டிமீட்டர் குழாய். நாதஸ்வரத்தில் குழாயின் துளைகள் ஸ்வரத்தைத் தீர்மானிக்கும். மனிதக் குரலில் அப்படியில்லை: சுருதி சீவாளியின் பொறுப்பு, அது 'ஆ'வா 'ஈ'யா என்பதும் யாருடைய குரல் என்பதும் குழாயின் பொறுப்பு. நாக்கை அசைத்துக் குழாயின் வடிவத்தை மாற்றினால் எழுத்து மாறுகிறது. குழாய் நீளமாக இருந்தால் பேசுகிற ஆள் பெரிய ஆள் என்று கேட்கிறவர் மனம் எடுத்துக்கொள்கிறது. செம்மான் கிடா கத்தும்போது தன் குரல்வளையை நெஞ்சை நோக்கி இறக்கிக்கொள்ளும். குழாயை நீட்டித் தன்னைப் பெரிதாகக் காட்டும் வித்தை அது. காற்று உந்தியிலிருந்து கிளம்பி, நெஞ்சு, மிடறு, தலை, நா, அண்ணம், பல், இதழ், மூக்கு என்று எட்டு இடங்களில் பட்டு எழுத்தாகிறது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் பிரித்துச் சொல்லியிருக்கிறது. குரலைத் தொண்டையில் மட்டும் தேடாத அந்தப் பார்வையை இன்றைய ஒலியியலும் தன் வழியில் வந்து சேர்ந்திருக்கிறது.

மேடை நடிகர் இந்தக் குழாயிலிருந்து இன்னொன்றையும் கறக்கிறார். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலியின் வலிமை நாலில் ஒரு பங்காகக் குறையும். 2 மீட்டரில் இருப்பவருக்குக் கேட்பதில் 256இல் ஒரு பங்குதான் 32 மீட்டரில் இருப்பவரை எட்டும். அரங்கின் சுவர்கள் கொஞ்சம் உதவும், அவ்வளவே. கத்தி ஈடுகட்டலாம் என்று பார்த்தால் தொண்டை தாங்காது. பயின்ற நடிகர்களும் பாடகர்களும் கத்துவதில்லை. தொண்டைக்குழியின் அமைப்பை மாற்றி, 3000 ஹெர்ட்ஸ் அருகே இருக்கும் மேலொலிகளைத் தூக்கிவிடுகிறார்கள். ஏன் 3000? நம் காதின் துளை ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் நீளக் குழாய். அந்த நீளத்துக்கு அது ஒத்ததிர்வது 3000 ஹெர்ட்ஸைச் சுற்றித்தான். அதாவது நம் காது எங்கே கூர்மையோ, அங்கே போய்த் தட்டுகிறது தேர்ந்த நடிகரின் குரல். மைக் வருவதற்கு முன் நம் கூத்துக் கலைஞர்கள் விடிய விடியக் கடைசி வரிசைக்கும் வசனம் சொன்னது வெறும் தொண்டை பலத்தால் என்று நான் நம்பவில்லை.

உழைப்பு சாதாரணமல்ல. பிராட்வேயில் வாரத்துக்கு 8 காட்சிகள் வழக்கம். குரல் நாண்கள் நொடிக்கு 100 முறை மோதுகின்றன என்று வைத்தால், ஒரு மணி நேரக் குரலுக்கு 3,60,000 மோதல்கள். 1968இல் 'தி கிரேட் ஒயிட் ஹோப்' நாடகத்தில் கறுப்பினக் குத்துச்சண்டை வீரராகவும், 1987இல் ஆகஸ்ட் வில்சனின் 'ஃபென்சஸ்' நாடகத்தில் குப்பை அள்ளும் தொழிலாளி ட்ராய் மேக்சனாகவும் அவர் மாதக்கணக்கில் இதைச் செய்தார். இரண்டுக்கும் டோனி கிடைத்தது. முதல் நாடகம் 1970இல் படமானபோது அதே வேடத்தில் நடித்து ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். மேடையில் கடைசி வரிசைக்குப் போக வேண்டிய முகம், கேமரா முன்னால் ஒரு கை தூரத்துக்கு மட்டும் போனால் போதும். எந்த அளவுக்கு அடக்குவது என்பது தனி வித்தை. அவருடைய படங்களில் முகத்தைவிடக் குரலே எளிதாக அடங்கியது என்பது என் கணிப்பு.

அவருடைய தனித்தன்மை எங்கே இருக்கிறது என்பதை எனக்கு உணர்த்தியது நாடகமோ சினிமாவோ இல்லை. குழந்தைகளுக்கான 'செசமீ ஸ்ட்ரீட்' தொலைக்காட்சித் தொடருக்காக 1969இல் அவர் செய்த மிகச் சின்ன ஒரு காரியம். கேமராவைப் பார்த்து ஆங்கில எழுத்துகளை ஏ முதல் இஸட் வரை சொல்கிறார். அவ்வளவுதான். ஆனால் எவ்வளவு நிதானம்! ஓர் எழுத்து திரையில் தோன்றும். அவர் கண் கொட்டாமல் பார்ப்பார். ஓர் இடைவெளி. பிறகுதான் எழுத்தின் பெயர் அந்தக் குரலில் இறங்கும். 26 எழுத்துகளுக்கு ஒன்றரை நிமிடம் போல ஆகிறது. இத்தனை மெதுவாகச் சொன்னால் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள் என்றுதான் யாரும் நினைப்போம்.

நடந்தது வேறு. ஆய்வாளர்கள் குழந்தைகளை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார்கள். முதல் தடவை பிள்ளைகள் அவரோடு சேர்ந்து சொன்னார்கள். சில தடவை பார்த்த பிறகு, எழுத்து தோன்றியதும் அவர் வாய் திறக்கும் முன்பே சொன்னார்கள். இன்னும் சில தடவைக்குப் பிறகு, எழுத்து தோன்றும் முன்பே அடுத்தது இதுதான் என்று கூவினார்கள். அந்த இடைவெளியைக் குழந்தைகள் தங்களுக்கு விட்ட இடமாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். தொடரின் ஆய்வாளர்கள் இதற்கு 'ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் விளைவு' என்றே பெயர் வைத்தார்கள். சொல்லுக்கு முந்தைய மௌனத்தில் ஆண்டுக்கணக்கில் தவித்தவர், அதே மௌனத்தைப் பிள்ளைகள் ஏறி நிற்கும் படியாக்கியிருக்கிறார். இதைப் படித்த நாளிலிருந்து பாடம் நடத்தும் ஆசிரியர்களைப் பார்க்கும்போதெல்லாம் சொல்ல நினைப்பேன்: கேள்வி கேட்ட பிறகு இன்னும் இரண்டு நொடி பொறுங்கள்.

1977 மே மாதம் 'ஸ்டார் வார்ஸ்' வெளியானது. கறுப்புக் கவசமும் முகமூடியும் அணிந்த டார்த் வேடர் ஒரே ஆள் போலத் தெரிகிறார். உள்ளே இருந்தவர் இங்கிலாந்தின் பிரிஸ்டலைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் டேவிட் ப்ரௌஸ். படப்பிடிப்பில் வசனத்தையும் அவரே பேசினார். ஊர் வாடை அடித்த அந்த உச்சரிப்பு வில்லனுக்குப் பொருந்தவில்லை. எனவே குரல் ஜோன்ஸுடையது. அந்த இழுத்து இழுத்து விடும் மூச்சு ஒலி, கடலுக்கடியில் நீந்துவோர் பயன்படுத்தும் சுவாசக் கருவிக்குள் சின்ன மைக்கை வைத்து ஒலிப்பதிவாளர் பென் பர்ட் எடுத்தது. உடல் ஒருவர், குரல் ஒருவர், மூச்சு இன்னொருவர். பாத்திரம் ஒன்று.

நமக்கு இது புதிதல்ல. நடிகர் மோகனின் படங்களில் நாம் கேட்டுப் பழகிய குரல் எஸ்.என்.சுரேந்தருடையது. ஒட்டு தெரியாமல் எப்படிச் சேர்கிறது? கண்ணும் காதும் கொண்டுவரும் செய்திகளை மூளை தனித்தனியாக வைத்துக்கொள்வதில்லை என்பதுதான் விடை. 1976இல் ஹாரி மெகர்க், ஜான் மெக்டொனால்டு இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். காதுக்கு 'பாலு'வில் வரும் 'பா'. திரையிலிருக்கும் உதடு 'காந்தி'யில் வரும் 'கா' என்று அசைகிறது. பார்க்கிறவருக்குக் கேட்பது இரண்டுமல்ல. 'டாக்டர்' என்பதில் வரும் 'டா'! கண்ணை மூடினால் மறுபடி 'பா'. உதடு அசைவதைக் காட்டினால் காது அதற்குக் கட்டுப்படுகிறது. இதனால்தான் டப்பிங் கலைஞர்கள் உதட்டுக்கு ஒத்துவரும் சொல்லுக்காகத் தியேட்டருக்குள் மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள்.

வேடருக்கு உதடே இல்லை. முகமூடி அசையாது. ஜோன்ஸுக்கு இது முழு விடுதலை. கூடவே முழுச் சுமையும். முகம் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் குரல் செய்ய வேண்டும். குரலை ஏற்றி இறக்கி உணர்ச்சி காட்டுவதுதான் எவருக்கும் தோன்றும் வழி. அவர் எதிர்த்திசையில் போனார். ஏற்ற இறக்கத்தை மிகக் குறுகிய பட்டைக்குள் வைத்துக்கொண்டார். உள்ளே மனிதன் எவ்வளவு மிச்சம் என்று தெரியாததுதான் அந்தப் பாத்திரத்தின் பயங்கரம். மைக்கும் துணை செய்தது. ஒரு திசையை நோக்கிக் கேட்கும் மைக்குகளுக்கு நெருங்கிப் பேசினால் கீழ்ஒலிகள் இயல்பைவிடத் தடித்துப் பதிவாகும். காதோரம் வந்து ஒருவர் தாழ்ந்து பேசும் உணர்வு அப்படித்தான் கிடைக்கிறது. மேடையில் கடைசி வரிசைக்கு எட்டப் பழகிய குரல், இங்கே ஒரு சாண் தூரத்துக்குப் பேசியது.

முதல் படத்துக்கு மொத்தம் இரண்டரை மணி நேர ஒலிப்பதிவு. சம்பளம் 7,000 டாலர். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். உடலைத் தந்தது வேறொருவர், நான் சிறப்பு ஒலிகளில் ஒன்று என்பது அவர் எண்ணம். 1980இல் வந்த இரண்டாவது படத்தில், வேடர்தான் நாயகனின் தந்தை என்ற ரகசியத்தைக் காக்க, படப்பிடிப்புத் தளத்தில் ப்ரௌஸுக்கு வேறு வசனத்தைக் கொடுத்தார்கள். உண்மையான வசனம் ஒலிப்பதிவு அறையில் ஜோன்ஸ் கைக்கு வந்தது. படித்தவுடன், வேடர் பொய் சொல்கிறான் என்றுதான் அவருக்கே தோன்றியதாம்.

1994இல் முஃபாசா. இங்கே வரிசை தலைகீழ். வேடரின் உடல் முன்னால், குரல் பின்னால். டிஸ்னியின் கார்ட்டூனில் குரல் முன்னால், உடல் பின்னால். நடிகர் பேசிப் பதிவான பிறகு, அதைக் கேட்டுக் கேட்டு ஓவியர்கள் சிங்கத்தின் தாடையையும் புருவத்தையும் வரைகிறார்கள். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் சிங்கத்தின் நெஞ்சு விரிகிறது.

தொலைபேசி நிறுவனமான பெல் அட்லாண்டிக்கின் குரலாகவும் அவர் இருந்தார். இதில் ஒரு விசித்திரம் உண்டு. பழைய தொலைபேசிக் கம்பி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் கடத்தாது. கனத்த குரல் ஒன்றின் சுருதி 90 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்த 90 கம்பி வழியாக வரவே வராது. 180, 270 ஆகியவையும் வராது. 360, 450, 540 என்ற மேலொலிகள் மட்டும் வந்து சேரும். ஆனாலும் கேட்பது கனத்த குரல்தான், மெலிந்த குரல் இல்லை. மேலொலிகளுக்கிடையே 90, 90 என்று இருக்கும் சீரான இடைவெளியைப் பிடித்துக்கொண்டு, வராத அடிச்சுருதியை மூளை தானே போட்டு நிரப்பிவிடுகிறது. தொலைபேசியில் நாம் கேட்கும் தாத்தாவின் குரலில் அடிச்சுருதி முழுவதும் நம் தலைக்குள் பிறந்தது.

குரலுக்கும் முதுமை உண்டு. ஆண்களுக்கு வயதாக வயதாகக் குரல் நாண்கள் மெலிகின்றன, நடுவில் முழுதாக மூடாமல் போகின்றன, காற்று கசிகிறது. 2015இல் 84 வயதிலும் ஜோன்ஸ் பிராட்வே மேடையில் நடித்தார். 2019இல் புதிய 'லயன் கிங்' படத்தில் மற்ற பாத்திரங்களுக்கெல்லாம் புதுக் குரல்கள். முஃபாசாவுக்கு மட்டும் அவரேதான். 2022இல் 'ஓபி-வான் கெனோபி' தொடருக்கு வேடரின் பழைய, இளைய குரல் தேவைப்பட்டது. தன் பழைய பதிவுகளைப் பயன்படுத்திக்கொள்ள அவர் கையெழுத்திட்டுக் கொடுத்தார். உக்ரைனின் கீவ் நகரிலிருக்கும் ரெஸ்பீச்சர் நிறுவனம், போர் மூண்டிருந்த நாட்களில், செயற்கை நுண்ணறிவால் அதை உருவாக்கியது. அவர்கள் முறையில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. எழுத்தைக் கொடுத்தால் கணினி வாசிக்கும் முறை அல்ல அது. வேறொரு மனிதர் வசனத்தைப் பேசி நடிக்க வேண்டும். கணினி அவர் குரலின் நிறத்தை மாற்றி ஜோன்ஸின் நிறத்தைப் பூசும். எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லுக்கு முன்னால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதெல்லாம் அந்த மனிதர் கொடுத்தது. சீவாளியையும் உலவையும் கணினி நகலெடுத்தது. காலத்தை ஒரு நடிகர்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

ஜோன்ஸ் 2024 செப்டம்பர் 9 அன்று, 93 வயதில் காலமானார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால், 2022இல், நியூயார்க் 48ஆவது தெருவில் ஓர் அரங்குக்குப் பெயர் மாற்றினார்கள். 1958இல் 'மிஸஸ்' என்ற சொல்லின் முதல் எழுத்தில் அவர் திக்கி நின்ற நாடகம் நடந்த அதே கோர்ட் அரங்கம்தான் அது. இப்போது அதன் முகப்பில் இருப்பது ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் அரங்கம் என்ற பெயர்.